கோட்டுக் கதை ஊருக்குள் வராமல் தடுக்க முடியுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம். என் மகளுக்கு எதிராக மருமகன் இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குப் போட்டிருக்கிறார். மகள் தன்னைக் கைவிட்டுப் போனார் என்றும், கூட வேலை செய்யும் ஒருவரோடு தகாத தொடர்பு என்றும் எழுதியிருக்கிறார். இரண்டாவது முழுப் பொய். ஒவ்வொரு தவணைக்கும் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு பெண் வந்து, பின்வாங்கில் இருந்து கேட்டுவிட்டுப் போகிறார். பின்னேரம் ஊர் முழுக்கக் கதை. ஏழு வயதுப் பேரன் இருக்கிறான். ரொறொன்ரோவில் இருக்கும் என் தம்பி, "இங்க எல்லாம் கேட்டா வழக்கையே சீல் வைச்சிடுவினம், லோயரிட்டச் சொல்லுங்கோ அக்கா" என்கிறான். எங்கள் சட்டத்தரணியிடம் சொன்னேன், சிரித்தார். வழக்கை மூடிவைக்க முடியுமா? அந்தப் பெண்ணை வராமல் தடுக்க முடியுமா? யாராவது பைலை எடுத்துப் பேஸ்புக்கில் போட்டால் என்ன செய்வது? வீடு மகளின் சீதனம், அதுவும் வழக்கில் இழுபடுமோ என்று பயம். விசாரணை அன்று நானாவது மகளோடு உள்ளே இருக்கலாமா?

பதில்:

ரீச்சர், நேராகவே சொல்லிவிடுகிறேன். வழக்கு முழுவதையும் மூடிவைக்கும்படி கேட்க வேண்டாம். கேட்டாலும் கிடைப்பது கடினம். கிடைத்தால் மகளுக்கு நன்மையைவிடத் தீமைதான் கூட. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. எந்தப் பகுதிக்குக் கதவைச் சாத்தக் கேட்பது, எதைத் திறந்த மன்றில் நடக்க விடுவது, எதைப் பத்திரத்தில் எழுதாமலே விடுவது என்று பிரித்துப் பார்த்தால் உங்களுக்கு வேண்டியதில் பெரும்பங்கு கிடைக்கும். உங்கள் சட்டத்தரணி சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை அவர் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்பது வேறு விடயம்.

அரசியலமைப்பின் 106 ஆவது உறுப்புரைதான் இதற்கு அடிப்படை. அரசியலமைப்பாலோ பாராளுமன்றத்தாலோ தாபிக்கப்பட்ட எந்த நீதிமன்றத்தின் அமர்வும் பகிரங்கமாக நடக்க வேண்டும், எவரும் தடையின்றி வந்து இருக்கலாம் என்று அது சொல்கிறது. வருகிறவர் காரணம் சொல்லத் தேவையில்லை. வழக்காளியின் சொந்தமா, எதிராளியின் சொந்தமா, சும்மா பொழுதுபோக வந்தவரா என்ற கேள்வியே அங்கே இல்லை. கைத்தொலைபேசியை நிறுத்திவைத்து, நீதிபதி வரும்போது எழுந்து, வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஆகவே உங்கள் ஒழுங்கைப் பெண் பின்வாங்கில் இருப்பது, உங்களுக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும், அவருடைய உரிமை. தயவுசெய்து அவரை வாசலில் மறித்து வாக்குவாதப்பட வேண்டாம். நீதிமன்ற வளவுக்குள் ஒரு சண்டை வந்தால் அதுவும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

அதே உறுப்புரையின் இரண்டாம் பந்தியில் விதிவிலக்கு இருக்கிறது. குடும்ப உறவுகள் பற்றிய நடவடிக்கைகள், பாலியல் விடயங்கள் பற்றிய நடவடிக்கைகள், தேசிய பாதுகாப்பு அல்லது பொதுமக்கள் பாதுகாப்பு, நீதிமன்ற வளவின் ஒழுங்கும் பாதுகாப்பும் ஆகிய இவற்றை முன்னிட்டு, வழக்கில் நேரடி அக்கறை இல்லாதவர்களை நீதிபதி வெளியே அனுப்பலாம். உங்கள் மகளின் வழக்கு முதலாவது வகைக்குள் நேராக வருகிறது. சாட்சியம் போகும் போக்கைப் பொறுத்து இரண்டாவதையும் தொடலாம். ஆனால் குடும்ப வழக்கு என்றவுடன் கதவு தானாகச் சாத்தப்படாது. அது நீதிபதியின் தற்றுணிபு. யாராவது கேட்க வேண்டும், காரணமும் காட்ட வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பந்தி பேசுவது ஆட்களை வெளியே அனுப்புவது பற்றி. வழக்கேட்டைப் பூட்டிவைப்பது பற்றியோ, இப்படி ஒரு வழக்கு நடந்தது என்றே தெரியாமல் செய்வது பற்றியோ அதில் ஒரு வரியும் இல்லை. தம்பி சொல்வதும் நீங்கள் கேட்பதும் இங்கேதான் பிரிகின்றன.

தம்பியின் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. கனடாவில், அமெரிக்காவில் வழக்குக் கோவையை அல்லது அதில் ஒரு பகுதியை முத்திரையிட்டு வைக்கும் உத்தரவு உண்மையாகவே உண்டு. ஆனால் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்பது பொய். அவர் இருக்கும் அதே ரொறொன்ரோவில் 2017 டிசெம்பரில் பரி ஷேர்மன், ஹனி ஷேர்மன் என்ற பெரும் பணக்காரத் தம்பதி தங்கள் வீட்டில் இறந்துகிடந்தார்கள். அப்போடெக்ஸ் என்ற மருந்துக் கம்பனியை நிறுவியவர் கணவர். கொலை என்று பொலிஸ் சொன்னது. மரணசாசன வழக்கின் கோவைகள் வெளியே வந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து, அந்தரங்கமும் போய்விடும் என்று சொத்துப் பொறுப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். முதல் நீதிமன்றம் மூடிவைக்க உத்தரவிட்டது. ஒரு பத்திரிகையாளர் எதிர்த்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவை நீக்கியது. கடைசியில் 2021 யூனில் கனடாவின் உயர் நீதிமன்றமும் குடும்பத்தின் கோரிக்கையை ஏற்கவில்லை. மனிதரின் கண்ணியத்தைத் தொடும் அளவுக்கு அந்தரங்கம் குலைந்தால் அதைக் காப்பது முக்கியமான பொதுநலன்தான் என்று ஒத்துக்கொண்டது அந்த நீதிமன்றம். ஆனால் சங்கடம், கூச்சம், பெயர் கெடும் என்ற பயம் ஆகியவை மட்டும் போதாது என்றது. ஆபத்து பாரதூரமானதாக இருக்க வேண்டும், கேட்கும் உத்தரவு இல்லாமல் அதைத் தடுக்க முடியாதிருக்க வேண்டும், உத்தரவால் வரும் நன்மை தீமையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு பேர் கொலையுண்ட குடும்பத்துக்கே இந்தப் பதில் என்றால், ஒழுங்கைக் கதைக்குப் பயந்து போகிறவருக்கு என்ன பதில் கிடைக்கும் என்று தம்பியிடமே கேட்டுப் பாருங்கள்.

நாம் பின்பற்றும் நடைமுறைக்கு மூலமான ஆங்கிலேயச் சட்டத்திலும் இதே கதைதான், ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே. ஸ்கொட் என்ற பெண் திருமணத்தை இல்லாததாக்கக் கேட்ட வழக்கு கதவு சாத்தி நடந்தது. பிறகு தன்மீது கட்டிய கதைகளுக்குப் பதிலாக, அந்த விசாரணையின் குறிப்பை அவர் கணவரின் உறவினர் சிலருக்கு அனுப்பினார். நீதிமன்ற அவமதிப்பு என்றார்கள். 1913 இல், அன்றைக்கு அங்கே இறுதி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதைத் தள்ளியது. கேட்கக் கூச்சமான சங்கதி என்பதற்காக மட்டும் கதவைச் சாத்த நீதிபதிக்கு அதிகாரமில்லை, இரு தரப்பும் சம்மதித்தாலும் இல்லை என்றது. நம்முடைய 106 அந்த அளவுக்குக் கடுமையானது அல்ல. குடும்ப வழக்குக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் நான் இதைச் சொல்வதற்கு வேறு காரணம். கதவு சாத்தி நடந்ததில் தனக்குச் சாதகமாகச் சொல்லப்பட்டதை வெளியே காட்ட விரும்பியது அந்தப் பெண்தான். பொய்க்கு ஆளானவருக்கு மூடிய கதவு எப்படி எதிரியாகிறது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இன்னொரு வேடிக்கை, மறைவாக நடந்த அந்த வழக்கின் பெயரை உலகம் முழுக்கச் சட்ட மாணவர்கள் இன்றைக்கும் மனப்பாடம் செய்கிறார்கள்.

உங்களுக்கும் அந்த ஆபத்து உண்டு. முத்திரை உத்தரவு கேட்டு, மறுக்கப்பட்டு, மேன்முறையீடு செய்தால், மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் உயர் நீதிமன்றத்தினதும் தீர்ப்புகள் தரப்பினரின் பெயரோடு இணையத்தில் ஏறுகின்றன. உவர்மலையில் முடிந்திருக்க வேண்டிய கதையைத் தேடுபொறியில் நீங்களே ஏற்றியதாகிவிடும்.

நீதிபதிகள் கதவைச் சாத்தத் தயங்குவது ஏன் என்று இந்த மாவட்டத்தில் வாழ்ந்தவருக்கு விளக்கத் தேவையில்லை. 1996 பெப்ரவரி 11 இல் மூதூர்ப் பக்கம் குமாரபுரத்தில் 20 க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கு அனுராதபுரத்தில் விசாரிக்கப்பட்டு, 2016 யூலையில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அங்கே யாரும் கதவைப் பூட்டவில்லை. ஆனால் குமாரபுரத்துச் சனத்தில் எத்தனை பேர் வேலையை விட்டு, பஸ் காசு கொடுத்து அனுராதபுரம் போய்ப் பின்வாங்கில் இருந்திருக்க முடியும்? 2006 ஜனவரி 2 இல் நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கு இந்த ஊர் நீதவான் நீதிமன்றத்திலேயே இருந்தது. 2019 யூலையில் போதிய சான்று இல்லையென்று குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சிகள் பயந்தார்கள் என்பது ஊரறிந்தது. பயந்த சாட்சிக்கு மருந்து பூட்டிய நீதிமன்றம் அல்ல. பாதுகாப்பும், வேறிடத்தில் இருந்து காணொளி வழியே சாட்சி சொல்லும் வசதியும்தான். அதற்கென்று 2015 இல் ஒரு சட்டம் வந்து, 2023 இல் புதிய சட்டமாக மாற்றப்பட்டிருக்கிறது. உங்கள் மகளின் வழக்கு இந்த ரகம் அல்ல என்பது தெரியும். ஆனால் நீதிபதி ஒரு வழக்குக்குச் செய்வதை அடுத்த வழக்குக்காரரும் கேட்பார், அவருக்குப் பின்னால் வருகிறவரும் கேட்பார்.

சரி, உங்கள் விடயத்துக்கு வருவோம். இதுவரை அந்தப் பெண் என்னத்தைத்தான் கேட்டிருப்பார்? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. நீதிமன்ற முதலியார் (மொழிபெயர்ப்பாளர்) வழக்கு இலக்கத்தைக் கூப்பிடுவார், இரண்டு சட்டத்தரணிகளும் எழுந்து மறுமொழிக்கோ எழுவினாக்களுக்கோ (வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகள்) திகதி கேட்பார்கள், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் ஊருக்குக் கொண்டுபோக எதுவும் இல்லை. பின்னேரம் உங்கள் ஒழுங்கையில் ஓடுவது நீதிமன்றத்தில் கேட்ட கதை அல்ல, கேட்டதாகச் சொல்லிக் கட்டிய கதை. கதவைச் சாத்தினால் அது நிற்காது. "ஏதோ பெரிய விசயம் இருக்கிறபடியால்தானே பூட்டினவை" என்று இன்னொரு சுற்று வரும். இப்படியான தவணை நாட்களுக்காக நீதிபதியிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். மகள் சட்டத்தரணியால் பிரதிநிதித்துவப்படுத்தப்படுகிறார் என்றால், எந்தெந்தத் திகதிக்கு அவர் நேரில் வரத் தேவையில்லை என்று கேட்டுவையுங்கள். ஆள் வராத வழக்கில் பார்க்க என்ன இருக்கிறது, அந்தப் பெண்ணும் அலுத்துப்போவார்.

விசாரணைத் திகதி குறித்தபின்தான் வேலை. அதற்கு முன்னரே, எதிர்த் தரப்புக்கு அறிவித்தலோடு, ஒரு நகர்த்தல் பத்திரமும் (நீதிபதியிடம் உத்தரவு கேட்கும் விண்ணப்பம்) மகளின் சத்தியக்கடதாசியும் போடச் சொல்லுங்கள். "மானம் போகிறது" என்று எழுதினால் எடுபடாது. எந்தச் சாட்சியத்துக்கு, எந்த நேரத்துக்கு, ஏன் என்று குறிப்பாக எழுத வேண்டும். பேரனின் பராமரிப்பு பற்றிய சாட்சியம், அவனை விசாரித்து நன்னடத்தை உத்தியோகத்தர் கொடுக்கும் அறிக்கை, யாருடையதாவது மருத்துவ அறிக்கை, படுக்கையறை சம்பந்தமான கேள்விகள் ஆகியவை எடுக்கப்படும்போது நேரடி அக்கறை இல்லாதவர்களை வெளியே அனுப்பவும், அறிக்கைகளை உறையிலிட்டு முத்திரையோடு ஏட்டில் சேர்க்கவும் கேட்கலாம். பையன் இந்த ஊர்ப் பாடசாலையில் படிக்கிறான், வகுப்பில் கூட இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அயலில்தான் இருக்கிறார்கள் என்பதைச் சத்தியக்கடதாசியில் சாதாரண வார்த்தையில் எழுதினால் போதும். பிள்ளையோடு கதைக்க வேண்டி வந்தால் நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதைப்பதே வழக்கம். அதற்கு நீங்கள் கேட்கவே தேவை இருக்காது. சட்டமும் பிள்ளைகள் பக்கம்தான் சாய்கிறது. 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமே இளைஞர் நீதிமன்றத்துக்குள் கண்டவரையும் விடுவதில்லை. மருமகனும் அந்தப் பையனின் தகப்பன்தானே. இந்தப் பகுதிக்கு அவருடைய சட்டத்தரணி எதிர்க்காமல் விடவே வாய்ப்புக் கூட.

ஆனால் மருமகன் சாட்சிக் கூண்டில் ஏறி அந்தத் தகாத தொடர்பு பற்றிச் சொல்லும் பகுதி இருக்கிறதே, அதற்குக் கதவைச் சாத்தக் கேட்க வேண்டாம். அது நடக்கட்டும், எல்லோரும் இருக்கும்போதே நடக்கட்டும். எந்தத் திகதி, எந்த இடம், யார் கண்டது, அன்றைக்கு ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று உங்கள் சட்டத்தரணி குறுக்கு விசாரணை செய்யும்போது, ஒழுங்கைப் பெண் பின்வாங்கில் இருந்து அதையும் கேட்கட்டும். பொய் என்று நீங்கள் நூறு வீட்டுக்குப் போய்ச் சொன்னாலும் வராத பலன் அதில் வரும். கதவுக்குப் பின்னால் தோற்ற பொய் வெளியே உயிரோடுதான் இருக்கும். நல்ல பெயரை மீட்பது வேண்டுமென்றால் அதற்குப் பார்வையாளர் வேண்டும்.

மகளின் முறை வரும்போது பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின்படி, வழக்கின் பிரச்சினைக்குத் தொடர்பில்லாத ஆபாசமான, இழிவான கேள்விகளை நீதிபதி தடுக்கலாம். அவமதிக்கவோ நோகடிக்கவோ மட்டும் கேட்கும் கேள்வியைத் தடுத்தே ஆக வேண்டும். உங்கள் சட்டத்தரணி அந்த இடத்தில் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. இதை இப்போதே அவரிடம் கதைத்து வையுங்கள். சிரிக்க மாட்டார்.

அதைவிடப் பெரிய பாதுகாப்பு, ஏட்டில் என்ன எழுதப்படுகிறது என்பதில் இருக்கிறது. நம் நாட்டில் பொதுச் சட்டத்தின் கீழ் விவாகரத்து இன்னும் குற்றம் காட்டித்தான் எடுக்க வேண்டும்: தகாத தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. குடும்பத்துக்குள் முடிய வேண்டிய அழுக்கெல்லாம் நீதிமன்றத்துக்கு வருவதற்கு முதல் காரணம் இந்தச் சட்டம்தான். ஊர்வாய் அடுத்ததுதான். கணவன் தகாத தொடர்பைக் காரணமாக வைத்தால், நீதிமன்றம் விலக்கு அளித்தாலன்றி, அந்த மற்ற ஆளையும் வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்க்க வேண்டும். ஆகவே மகளோடு வேலை செய்யும் அந்த மனிதரும் இப்போது எதிராளி. அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கும். அவரும் இதே பாதுகாப்பைக் கேட்கலாம், இரண்டு பேர் கேட்டால் பலம் கூட. அதே நேரம், கைவிட்டுப் போன காரணம் ஒன்று மட்டுமே விவாகரத்துக்குப் போதும் என்பதையும் மருமகன் தரப்பு சட்டத்தரணிக்குத் தெரியும். நிரூபிக்க முடியாத இரண்டாவது காரணத்தைக் கைவிட்டுப் பத்திரத்தைத் திருத்தும்படி கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. பல வழக்குகள் அப்படித்தான் முடிகின்றன. இரண்டு தரப்பும் கூட்டுச் சேர்ந்து பொய்க் காரணம் காட்டி விவாகரத்து எடுப்பதைச் சட்டம் ஏற்காது. பொய்யான காரணத்தை விடச் சொல்வது அந்தக் கூட்டு அல்ல.

உங்கள் பக்க மறுமொழியிலும் கை கொஞ்சம் அடங்கட்டும். கோபத்தில் மருமகனின் குடி, மச்சாளின் கதை, மாமியாரின் சீதனப் பேராசை எல்லாம் பத்துப் பக்கத்துக்கு எழுதச் சொல்லிப் பலர் சட்டத்தரணியை நெருக்குவார்கள். எழுவினாவுக்குத் தேவையில்லாத ஒவ்வொரு வரியும் ஏட்டில் நிரந்தரமாக இருக்கும். பேரன் வளர்ந்து ஒருநாள் அதை எடுத்து வாசிக்கலாம்.

ஏட்டை யார் பார்க்கலாம் என்று பயப்படுகிறீர்கள். பின்வாங்கில் இருக்கும் உரிமை வேறு, கோவையைக் கையில் எடுக்கும் உரிமை வேறு. தரப்பினரும் அவர்களுடைய சட்டத்தரணிகளும் பதிவாளரிடம் விண்ணப்பித்துப் பார்க்கலாம், கட்டணம் கட்டி அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். சம்பந்தமில்லாத ஒருவர் கேட்டால், பெரும்பாலும் என்ன தேவைக்கு என்று சொல்லி நீதிபதியின் அனுமதியோடுதான் எடுக்க வேண்டி வரும். ஒழுங்கைப் பெண்ணுக்கு அப்படிச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நீதிமன்றங்களையும் பொது அதிகாரசபைக்குள் சேர்க்கிறது என்பது உண்மை. ஆனால் பொதுநலனோடு தொடர்பில்லாத ஒருவரின் தனிப்பட்ட தகவலை அந்தச் சட்டமே விலக்கி வைக்கிறது. விண்ணப்பம் வந்தால் ஆட்சேபிக்கும்படி சட்டத்தரணியிடம் சொல்லிவைத்தால் போதும்.

இங்கே இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. விவாகரத்துத் தீர்ப்பாணை முதலில் நிபந்தனையோடு வரும், குறைந்தது மூன்று மாதம் கழிந்த பிறகுதான் முடிவானதாக்கப்படும். மகள் நாளைக்கு மறுமணம் பதிய, கடவுச்சீட்டில் பெயர் மாற்ற, பிள்ளையோடு வெளிநாடு போக, தம்பி இருக்கும் நாட்டு விசா அலுவலகத்துக்குக் கொடுக்க, அந்த முடிவான தீர்ப்பாணையின் பிரதியைத்தான் காட்ட வேண்டும். வழக்கையே பூட்டிவைத்தால் உங்கள் சொந்தக் கடதாசிக்கே நீங்கள் கெஞ்சிக்கொண்டு திரிய வேண்டி வரும்.

சீதன வீடு வழக்கில் வந்தால் அந்தப் பகுதியை மறைக்கும் எண்ணமே வேண்டாம். வழக்கு நிலுவையில் இருப்பது காணிப் பதிவகத்தில் பதியப்படலாம். அங்கே கட்டணம் கட்டினால் யாரும் தேடிப் பார்க்கலாம். அது உங்கள் நன்மைக்குத்தான். தெரியாமல் ஒருவர் அந்த வீட்டை வாங்கிவிட்டு வந்து நிற்கமாட்டார். காணிப் பிரிவினை வழக்கில் 1977 ஆம் ஆண்டின் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அளக்க வரும் திகதியைக் காணியில் பறையடித்து அறிவிக்கச் சொல்கிறது. அந்தத் தீர்ப்பு ஊருலகத்தையே கட்டுப்படுத்தும் என்பதால், ஊருலகத்துக்குத் தெரியாமல் அதைக் கொடுக்க முடியாது.

அப்புறம் பேஸ்புக். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ பிரசுரிப்பது தண்டனைச் சட்டக்கோவையில் 1995 இல் சேர்த்த 365 சி பிரிவின்படி குற்றம், இரண்டு வருடம் வரை சிறை கிடைக்கலாம். அந்தப் பிரிவைச் சொல்லி எல்லாரையும் வெருட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். உங்கள் மகளின் வழக்கு விவாகரத்து வழக்கு, அது இங்கே பொருந்தாது. திறந்த மன்றில் நடந்ததை உள்ளபடி, கூட்டாமல் எழுதுவதை இலகுவில் தடுக்க முடியாது. ஆனால் நீதிபதி ஒரு பகுதியைப் பிரசுரிக்கக் கூடாது என்று உத்தரவிட்டு, அதை மீறிப் போட்டால், நீதிமன்ற அவமதிப்பு; அதற்கு 2024 இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஆகவே மேலே சொன்ன நகர்த்தல் பத்திரத்தில், பிள்ளையின் பெயர், பாடசாலை, படம் எதையும் எவரும் வெளியிடக் கூடாது என்ற கோரிக்கையையும் சேர்க்க வேண்டும். இது கிடைக்கக்கூடிய உத்தரவு. பொய்யாகக் கட்டி எழுதினால் அவதூறுக்கு நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். அவதூறு 2002 இல் குற்றப் பட்டியலில் இருந்து எடுக்கப்பட்டுவிட்டது, ஆகவே அவதூறு என்று சொல்லிப் பொலிஸுக்கு ஓடிப் பயனில்லை. யாராவது போட்டால் முதலில் திரையைப் படம்பிடித்து, திகதியும் நேரமும் தெரியும்படி அச்செடுத்து வையுங்கள். கீழே போய்ப் பதில் எழுத வேண்டாம், மகளையும் எழுத விட வேண்டாம். வட்ஸ்அப் குழுவில் உங்கள் சொந்தக்காரர் யாரும் வழக்குப் பத்திரத்தைப் பகிர வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பல வழக்குகளில் பத்திரம் வெளியே போவது நீதிமன்றத்தால் அல்ல, வீட்டுக்குள் இருந்துதான். தம்பிக்கு அனுப்பிய பிரதி இப்போது எத்தனை கைகளில் இருக்கிறது?

கடைசியாக நீங்கள் கேட்டது. திறந்த மன்றில் நடக்கும் பகுதிக்கு நீங்கள் தாராளமாக இருக்கலாம், அந்தப் பெண்ணுக்கு இருக்கும் அதே உரிமை உங்களுக்கும் உண்டு. சாத்திய கதவுக்குள் நடக்கும் பகுதியில்தான் சிக்கல். நேரடி அக்கறை இல்லாதவர்களை வெளியே போகச் சொல்லும்போது, தரப்பாக இல்லாத தாயும் சட்டத்தின் கண்ணில் அந்தக் கூட்டத்துக்குள் வரலாம். எதிராளியின் தாயார் உடனிருக்க அனுமதிக்கும்படி பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நீதிபதிகள் இப்படியானதை மறுப்பது குறைவு. ஆனால் நீங்கள் மகளுக்காகச் சாட்சி சொல்வதாக இருந்தால் அந்த வரி உதவாது, உங்கள் முறை வரும்வரை வெளியேதான் இருக்க வேண்டும். சாட்சிப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். இருந்தால், சாட்சியாக வராத ஒரு தங்கையையோ பெறாமகளையோ அன்றைக்கு மகளோடு கூட வர இப்போதே கேட்டுவையுங்கள். அந்த வரியில் அவருடைய பெயரைப் போடலாம்.